விண்கலத்தில் விபூதிக்கு இடமுண்டா? அறிவியல் புனைவுத் தொடர்களில் கடவுளும் கடவுள் மறுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டின் மாடி அறையில், மாதத்தில் இரண்டு ஞாயிறு மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடி, அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துவிட்டு இரவு வெகுநேரம் வாதாடுகிறோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், கருப்புச் சட்டை அணியும் பெரியார் தொண்டர் ஒருவர், கல்லூரியில் இயற்பியல் நடத்தும் இளம்பெண் ஒருவர், வடலூரிலிருந்து வரும் சன்மார்க்கக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், புதுச்சேரியிலிருந்து பேருந்தில் வரும் நண்பர்கள் இருவர் ஆகியோர் இந்தக் கூட்டத்தில் உண்டு. புதிதாக வருகிறவர்கள் மதம் குறித்தும் மதமறுப்பு குறித்தும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். விடைகளில் தெரியும் சாய்வு என்னுடையது. மற்றவர்கள் அதற்குப் பொறுப்பல்லர். கதை முடிவுகளை மறைக்காமல் எழுதியிருக்கிறேன் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எதிர்காலத்தையும் விண்வெளியையும் பற்றிய கதையில் மதத்துக்கு என்ன வேலை?

வேறோர் உலகைக் கற்பனை செய்யும் எழுத்தாளர், அங்கே வாழ்பவர்கள் எதை உண்கிறார்கள், பிணத்தை என்ன செய்கிறார்கள் என்று முடிவு செய்யும்போதே, யாரை வணங்குகிறார்கள் அல்லது ஏன் வணங்காமல் இருக்கிறார்கள் என்பதையும் முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. அந்த முடிவில் அவருடைய சொந்த ஊரின் வாசனை தப்பாமல் அடிக்கும்.

அண்டத்தைப் பற்றிய பேச்சில் மதம் குறுக்கிடுவது எங்கள் ஊருக்குப் புதிதும் அல்ல. சருவநந்தி என்னும் சமண முனிவர் எழுதிய லோகவிபாகம் என்ற உலக அமைப்பு நூல் கி.பி. 458-இல் பாடலிகா என்னும் ஊரில் முடிக்கப்பட்டது. அந்த ஊர் இன்றைய திருப்பாதிரிப்புலியூர்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. சமணம் உலகைப் படைத்த ஒரு கடவுளை ஏற்பதில்லை. ஆகவே, படைத்தவன் இல்லாத அண்டத்தின் வரைபடம் ஒன்று, நாங்கள் ரயில் ஏறும் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்டிருக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர் ‘நற்றுணை யாவது நமச்சி வாயவே’ என்று பாடிக் கரையேறியதாகப் பெரியபுராணம் சொல்லும் இடமும் இதே திருப்பாதிரிப்புலியூர்தான்.

கேள்வி: ஸ்டார் டிரெக் நாத்திகத் தொடர் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. எண்டர்பிரைஸ் என்னும் விண்கலத்தின் பயணங்களைச் சொல்லும் அந்த அமெரிக்கத் தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி பாப்டிஸ்ட் குடும்பத்தில் வளர்ந்து, பின்னர் மதத்தை விட்டு விலகி, கடவுளைச் சாராமல் மனிதரையே மையமாகக் கொள்ளும் மனிதநேயராகத் தம்மை வெளிப்படையாக அறிவித்துக்கொண்டவர். ஆனால் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான முதல் தொடர், விளம்பரதாரரையும் தொலைக்காட்சி நிறுவனத்தையும் அனுசரித்துப் போக வேண்டியிருந்தது. 1966-இல் வந்த ஒரு பகுதியில் எண்டர்பிரைஸ் கலத்துக்குள் திருமணத்துக்கென்று ஒரு சிற்றாலயமே இருக்கிறது. 1967-இல் வந்த வேறொரு பகுதியில், அப்பல்லோ என்னும் கிரேக்கத் தெய்வம் உண்மையில் ஆற்றல் மிக்க ஒரு வேற்றுலகவாசி என்று தெரியவருகிறது. தன்னை வணங்கச் சொல்லும் அவரிடம் கலத்தின் கேப்டன் கிர்க், மனிதகுலத்துக்குத் தெய்வங்கள் தேவையில்லை என்று முழங்கிவிட்டு, அதே மூச்சில், எங்களுக்கு ஒருவரே போதும் என்கிறார். முதல் வாக்கியம் ராடன்பெரியின் கொள்கைக்கும் இரண்டாவது வாக்கியம் அமெரிக்க வீட்டுக் கூடத்துக்கும் எழுதப்பட்டவை என்று எங்கள் தமிழாசிரியை சொல்வார்.

ஸ்டார் டிரெக் வரிசையில் 1987-இல் தொடங்கிய நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரில்தான் அந்த மறுப்பு வெளிப்படையானது. 1989-இல் வந்த ஒரு பகுதியில், வெண்கலக் கால நிலையில் வாழும் மின்டாக்கர்கள் என்னும் மக்கள், தற்செயலாகக் கலத்தின் மருத்துவத்தைக் கண்டு, கேப்டன் பிக்கார்டைக் கடவுள் என்று நம்பிவிடுகிறார்கள். இனி இவர்களுக்கு ஒரு மதம் வரத்தான் போகிறது, அதற்கு நல்ல நெறிகளை நீங்களே வகுத்துக் கொடுத்துவிடுங்கள் என்று ஆய்வாளர் ஒருவர் யோசனை சொல்ல, பிக்கார்டு சினந்து மறுக்கிறார். மூடத்தனத்தை விட்டு வெளியேறிய ஒரு மக்களை மீண்டும் இருட்டுக்குள் தள்ள மாட்டேன் என்பது அவர் வாதம். தாம் கடவுள் அல்லர் என்று மெய்ப்பிக்க அவர் தேர்ந்தெடுக்கும் வழி நேர்த்தியானது: ஊர்த்தலைவியைக் கலத்துக்கு அழைத்துச் சென்று, காப்பாற்ற முடியாமல் ஓர் ஆள் இறப்பதைக் காட்டுகிறார். அப்படியும் நம்பாத ஒருவன் விடும் அம்பு பிக்கார்டைக் காயப்படுத்த, வழிந்த ரத்தம் வாதத்தை முடித்துவைக்கிறது. எங்கள் பெரியார் தொண்டர் இந்தப் பகுதியை ஆண்டுக்கொரு முறையாவது திரையிடச் சொல்வார்.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. மின்டாக்கர்களுக்கிடையே பூசாரி இல்லை, கோயில் நிலம் இல்லை, உள்ளே நிற்பவன் வெளியே நிற்பவன் என்ற பாகுபாடு இல்லை. நம்பிக்கை என்பது மூளையில் நேர்ந்த ஒரு கணக்குப் பிழை. சரியான விடையைக் காட்டினால் தீர்ந்துவிடும் என்பதே அந்தப் பகுதியின் எண்ணம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

கேள்வி: தெய்வம் என்பது ஒரு வேற்றுலகவாசிதான் என்று காட்டிவிட்டால், அதுவே நாத்திகம் ஆகிவிடாதா?

எங்கள் மாடியில் இதற்கு ஒருமித்த விடை கிடையாது. ஆகாது என்பது என் விடை.

1997 முதல் 2007 வரை பத்துப் பருவங்கள் ஓடிய ஸ்டார்கேட் எஸ்ஜி-1 தொடரை எடுத்துக்கொள்வோம். எகிப்தின் ரா, அபோஃபிஸ் முதலிய தெய்வங்கள் உண்மையில் மனித உடலுக்குள் புகுந்து வாழும் ஒட்டுண்ணிகள். உயர்ந்த கருவிகளை அற்புதம் என்று காட்டி மனிதரை அடிமைப்படுத்தியவர்கள் என்பதே அதன் அடிப்படைக் கதை. நாயகர்கள் கோள் கோளாகப் போய்ப் பொய்த் தெய்வங்களை அம்பலப்படுத்துகிறார்கள். பார்க்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பொய்த் தெய்வங்களின் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நிர்ருதி இருக்கிறாள், காளி இருக்கிறாள். 1999-இல் வந்த ஒரு பகுதியில் இடைக்காலக் கிறித்தவச் சிற்றூர் ஒன்றுக்கு நாயகர்கள் போக நேரும்போது, ஒட்டுண்ணிக்குக் கிடைக்கும் வேடம் சாத்தானுடையது. விவிலியத்தின் கடவுளாக நடிக்கத் தேவையான கருணை உள்ள ஒட்டுண்ணி எதையும் தாம் அறியேன் என்று டீல்க் என்னும் வீரர் சொல்லிவிடுகிறார். வழிபாடு நின்றுபோன தெய்வங்கள் தோலுரிக்கப்படுகின்றன; தயாரித்த நாட்டில் வழிபாடு நடக்கும் தெய்வத்துக்கு விலக்கு அளிக்கப்படுகிறது. எங்கள் மாவட்டத்துத் தில்லைக் காளி கோயிலில் இன்றும் வரிசையில் நிற்பவர்களை அந்தத் தொடரின் எழுத்தாளர்கள் யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. இது மறுப்பு அன்று, தேர்ந்தெடுத்த துணிச்சல்.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்றும் உண்டு. அந்தத் தொடர்கள் கேட்பது, அங்கே இருப்பது யார் என்ற கேள்வியை. எங்கள் பக்கத்துப் பகுத்தறிவு இயக்கம் கேட்டது, அதனால் யாருக்கு என்ன கிடைக்கிறது, யார் வெளியே நிறுத்தப்படுகிறார்கள் என்பதை. ‘கடவுளை மற, மனிதனை நினை’ என்று சொன்ன பெரியார் மீது 1944-இல் செருப்பு வீசப்பட்ட ஊர் கடலூர். ஒற்றைச் செருப்பு யாருக்கும் உதவாது என்று அவர் திரும்பிப் போய் மற்றதையும் எடுத்துவந்ததாக இங்கே சொல்வார்கள். பின்னாளில் அவருக்கு அங்கே சிலையும் எழுந்தது. கடவுள் இல்லை என்று வாழ்நாள் முழுதும் சொன்ன அவரே, கருவறைக்குள் நுழையும் உரிமை எல்லாச் சாதியாருக்கும் வேண்டும் என்று போராட்டம் அறிவித்தார்; அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற சட்டத்திருத்தம் 1970-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. இல்லாத கடவுளின் அறைக்குள் நுழைய உரிமை எதற்கு என்று கேட்பவருக்கு அந்த இயக்கம் புரியாது. கருவறைக்குள் இருப்பது ஒட்டுண்ணியா, ஒளிப்பிழம்பா, வெறும் கல்லா என்பது பெரியாருக்கு இரண்டாவது கேள்வி. விண்வெளித் தொடர்களில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது கேள்வியோடு நின்றுவிடுகின்றன.

கேள்வி: அப்படியானால், அதனால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்ற முதல் கேள்வியைக் கேட்ட தொடரே இல்லையா?

உண்டு. ஸ்டார் டிரெக் வரிசையிலேயே வந்த டீப் ஸ்பேஸ் நைன் (1993–1999). பஜோர் என்னும் கோளின் மக்கள், தங்கள் வானில் உள்ள ஒரு புழுத்துளையில் (விண்வெளியின் தொலைவான இரு இடங்களை இணைக்கும் குறுக்குவழியில்) வாழும், காலத்துக்கு வெளியே இருக்கும் உயிர்களைத் தீர்க்கதரிசிகள் என்று வணங்குகிறார்கள். அந்த உயிர்கள் உண்மையிலேயே இருக்கின்றன என்பதும் அவை வேற்றுலகவாசிகள் என்பதும் முதல் பகுதியிலேயே தெரிந்துவிடுவதால், யார் என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துபோகிறது. ஏழு பருவங்களின் மீதிப் பகுதிகள் எல்லாம், அவர்கள் பெயரால் ஆட்சி செய்பவர்கள் யார் என்பதைப் பற்றியவை.

முதல் பருவத்தின் கடைசிப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத் தகராறு வருகிறது. ஆசிரியை கெய்கோ அந்த உயிர்களை அறிவியல் பாடமாக நடத்த, வின் என்னும் மதகுரு அதைத் தெய்வ நிந்தனை என்கிறார். பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறார்கள். பள்ளியில் குண்டு வெடிக்கிறது. அந்தத் தகராறு உண்மையில் ஒரு மதத் தலைமைப் போட்டிக்கு விரித்த திரை என்பது இறுதியில் புலப்படும். தன் மகன் பஜோரியரை ஏளனம் செய்யும்போது, கதை நடக்கும் விண்வெளி நிலையத்தின் தளபதி சிஸ்கோ, காலத்துக்கு வெளியே இருந்து எதிர்காலத்தைக் காணக்கூடியவர்களைத் தீர்க்கதரிசிகள் என்று ஒருவர் அழைப்பதில் தவறென்ன என்று பொறுமையாகக் கேட்கிறார். ஸ்டார் டிரெக் குடும்பத்தில் நம்பாத ஒருவர் நம்புகிறவர்களைப் பற்றி இவ்வளவு மரியாதையோடு பேசிய இடம் எனக்கு வேறு நினைவுக்கு வரவில்லை.

ஆனால் கடலூரில் எந்தப் பகுதியைப் போட்டுக் காட்டுவது என்று கேட்டால், 1996-இல் வந்த ‘அக்செஷன்’ என்பதைத்தான் சொல்வேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த கவிஞர் ஒருவர் புழுத்துளையிலிருந்து வெளிப்பட்டு, பஜோரியர் அதுவரை சிஸ்கோவுக்குக் கொடுத்திருந்த தீர்க்கதரிசிகளின் தூதர் என்ற இடம் தமக்கே உரியது என்கிறார். அவர் கேட்பது ஒன்றே ஒன்று: அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடியபோது பஜோரியர் கைவிட்ட திஜாரா முறையை மீண்டும் கொண்டுவர வேண்டும். திஜாரா என்பது பிறப்பால் தொழிலை நிர்ணயிக்கும் ஏற்பாடு; வேறு சொல்லே வேண்டாம், அது சாதி. முன்னாள் விடுதலைப் போராளியும் சிஸ்கோவின் நிலையத்தில் பணியாற்றுபவருமான கிரா, தன் குடும்பம் கலைஞர் குலம் என்பதற்காகப் பணியை விட்டு விலக முடிவு செய்து, களிமண்ணில் பறவை செய்யப் பழகுகிறார். அந்தப் பறவை பறவையாகவே வரவில்லை. தாழ்ந்த குலத்தில் பிறந்த துறவி ஒருவர் தம் பதவியை விட்டு இறங்க மறுத்ததற்காக, இன்னொரு துறவி அவரை மாடத்திலிருந்து தள்ளிக் கொன்றுவிடுகிறார். செய்ததை அவர் மறைக்கவும் இல்லை.

அந்தக் காட்சி முடிந்ததும் எங்கள் அறையில் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு இயற்பியல் ஆசிரியை ஒரு குறையைச் சுட்டினார். அதை என்னால் மறுக்க முடியவில்லை. சிஸ்கோவும் கவிஞரும் புழுத்துளைக்குள் போய்க் கேட்க, சிஸ்கோவே உண்மையான தூதர் என்று தீர்க்கதரிசிகள் தீர்ப்பளித்துக் கவிஞரை அவருடைய காலத்துக்கே அனுப்பிவிடுகிறார்கள். சாதி முறையும் அத்தோடு போய்விடுகிறது. அதாவது, மேலிருந்து வந்த ஆணை மேலிருந்தே திரும்பப் பெறப்படுகிறது. கீழே இருந்தவர்கள், தெய்வமே சொன்னாலும் இதை ஏற்க மாட்டோம் என்று சொல்லும் வாய்ப்பைக் கதை அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

கேள்வி: பேபிலான் 5 தொடரை எழுதியவர் நாத்திகராமே? பிறகு ஏன் அதில் இவ்வளவு துறவிகள்?

ஆம், ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி நாத்திகர். மனிதர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவரும் ஒன்று இருநூறு ஆண்டுகளில் மறைந்துவிடும் என்று எழுதுவது நேர்மையாகாது என்பது அவர் நிலை. 1994-இல் வந்த ஒரு பகுதியில், கதை நடக்கும் விண்வெளி நிலையத்தில் உள்ள ஒவ்வோர் இனமும் தன் முதன்மைச் சமயத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. பூமியின் முறை வரும்போது, தளபதி சின்க்ளேர் நீண்ட வரிசையாக ஆட்களை நிறுத்தி, ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துகிறார். வரிசையில் முதலில் நிற்பவர் நாத்திகர். அடுத்துக் கத்தோலிக்கர், பௌத்தர், முஸ்லிம், யூதர் என்று முடிவில்லாமல் போகும் அந்த வரிசையின் மீதே காட்சி மறைகிறது. மணிமேகலையில் சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையைப் பாடம் நடத்தியவர்களுக்கு இது பழகிய காட்சிதான். அங்கும் வைதிகர், சைவர், ஆசீவகர் என்று ஒவ்வொருவராக வந்து பேச, உலகைக் கடந்த எதையும் ஏற்காத பூதவாதிக்கும் அதே வரிசையில் இடம் இருக்கிறது. ஒரு வேறுபாடு: மணிமேகலை ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்கிறாள், பூதவாதியை மடக்கியும் விடுகிறாள். சின்க்ளேர் அறிமுகம் செய்வதோடு சரி.

இந்தத் தொடரின் மிகக் கூர்மையான இடம் 1995-இல் வந்த இரண்டாம் பருவத்தின் இறுதியில் இருக்கிறது. வோர்லான் என்னும் வேற்றுலக இனத்தைச் சேர்ந்த, எப்போதும் கவசத்துக்குள் இருக்கும் கோஷ், ஓர் உயிரைக் காக்கக் கவசத்தை விட்டு வெளியே வருகிறார். பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வோர் இனத்தாருக்கும் அவர் அவரவர் மதத்தின் ஒளியுருவாகத் தெரிகிறார். ‘அவரவர் தமதம தறிவறி வகைவகை, அவரவர் இறையவர்’ என்ற நம்மாழ்வார் வரியைத் தமிழாசிரியை அந்த நொடியிலேயே சொல்லிவிட்டார். நம்மாழ்வாருக்கு அது இறைவனின் பெருந்தன்மை. ஸ்ட்ராசின்ஸ்கிக்கோ அது வோர்லான்களின் சூழ்ச்சி: தங்களைக் கண்டால் பணிய வேண்டும் என்று எல்லா இனங்களின் மனத்தையும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பதப்படுத்திவைத்திருக்கிறார்கள். லாண்டோ என்னும் வேற்றுலகத் தூதர் ஒருவர் மட்டும், தமக்கு ஒன்றுமே தெரியவில்லை என்கிறார். அவர் பொய் சொன்னாரா, நம்பிக்கை இழந்தாரா என்று தொடர் விளக்குவதில்லை. நாங்கள் மூன்று கூட்டங்களில் பேசியும் முடிவுக்கு வரவில்லை.

கேள்வி: பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவின் தொடக்க இசையில் வருவது காயத்ரி மந்திரமா? அது அவமதிப்பு ஆகாதா?

ஆம், ரிக் வேதத்தின் மூன்றாம் மண்டலத்தில் உள்ள அதே மந்திரம்தான். 2004 முதல் 2009 வரை ஓடிய புதிய தொடரின் முகப்பு இசையில் ஒரு பெண் குரல் அதைப் பாடுகிறது. கதைக்குள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மனிதர்கள் வணங்குவது கிரேக்கப் பெயர்கள் கொண்ட பல தெய்வங்களை. அவர்களை அழிக்க வந்த சைலான் எந்திரங்களோ ஒரே கடவுளை நம்புகின்றன. பல தெய்வ மனிதர், ஒரு தெய்வ எந்திரம் என்ற இந்தத் தலைகீழ் அமைப்பே தொடரின் பெரிய துணிச்சல். மந்திரம் அங்கே அலங்காரம் மட்டுமே என்பதால் எனக்கு அதில் கோபமும் இல்லை, பெருமையும் இல்லை. பூணூல் அணிந்த ஆணின் காதில் மட்டும் ஓதப்பட வேண்டும் என்று காக்கப்பட்ட ஒன்று, ஒரு பெண்ணின் குரலில் யார் வேண்டுமானாலும் கேட்கும்படி ஒலித்ததைப் பெரியார் தொண்டர் மிகவும் ரசித்தார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இந்தத் தொடர் எங்களைத் தொட்ட காரணம் வேறு. பேரழிவில் தப்பியவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. தலைவர் ரோஸ்லின் அந்த எண்ணிக்கையை ஒரு வெண்பலகையில் எழுதிவைத்து, இறப்புகளுக்கேற்பக் குறைத்துக்கொண்டே வருகிறார். ‘33’ என்ற பகுதியின் முடிவில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வர, அழித்துவிட்டு ஒன்றைக் கூட்டி எழுதுகிறார். அந்தப் பகுதி அமெரிக்காவில் ஒளிபரப்பானது 2005 ஜனவரியில். 2004 டிசம்பர் 26-இல் தேவனாம்பட்டினத்தைக் கடல் கொண்டுபோய் மூன்று வாரம் கூட ஆகாத நேரம். நிவாரண முகாமில் பெயர்ப் பட்டியல் எழுதிய எங்கள் நண்பர் பல ஆண்டுகள் கழித்து இந்தக் காட்சியைப் பார்த்தபோது எழுந்து வெளியே போய்விட்டார். பேரிடர் வந்தால் பக்தி கூடுமா குறையுமா என்று யாரோ கேட்டதற்கு, விளக்கு ஏற்றுவதை அன்றோடு நிறுத்தியவரையும் அன்று புதிதாகத் தொடங்கியவரையும் ஒரே கூடாரத்தில் பார்த்தேன் என்று மட்டும் சொன்னார். தொடரும் அதைத்தான் காட்டுகிறது. தெய்வங்களை நம்பாத தளபதி அடாமா, பூமி எங்கே இருக்கிறது என்று தமக்குத் தெரியும் என ஒரு பொய்யைச் சொல்லி மக்களை நிமிர்த்துகிறார். புற்றுநோயோடு வாழும் ரோஸ்லின், அது பொய் என்று அறிந்தவர், மெல்ல மெல்ல வேதநூலின் முன்னறிவிப்புகளை நம்பத் தொடங்குகிறார்.

கேள்வி: அதே தொடரின் முடிவில் ஸ்டார்பக் காணாமல் போவது ஏமாற்று வேலை அல்லவா?

2009-இல் பலர் அப்படித்தான் கொதித்தார்கள். ஒருமுறை இறந்து, விளக்கமின்றித் திரும்பி வந்த பெண் விமானி ஸ்டார்பக், பேசிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்ப்பதற்குள் புல்வெளியில் இல்லாமல் போகிறாள். நானும் கொதித்தவர்களில் ஒருவன். வடலூர்ப் பெரியவர் மட்டும் அசையவில்லை. ‘சாதியும் மதமும் சமயமும் பொய்’ என்று பாடிய வள்ளலார், 1874-இல் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர், பிறகு யார் கண்ணுக்கும் படவில்லை என்று கேட்டு வளர்ந்தவர் அவர். ‘இதில் என்ன ஐயா குறை? கதவு இல்லையே, அதுதான் குறை’ என்றார்.

கேள்வி: நம்பிக்கை மாறுகிற பாத்திரங்களை நம்பும்படி எழுதியிருக்கிறார்களா?

அரிது. தொலைக்காட்சிக்கு ஒரே இரவில் மனம் மாற வேண்டும். விதிவிலக்கு அதே கேலக்டிகாவின் பால்டர். மதத்தை எள்ளி நகையாடும் அறிவியலாளர். தம் உயிரைக் காத்துக்கொள்ள ஒற்றைக் கடவுளை ஏற்பதாக நடிக்கத் தொடங்கி, இறுதியில் கப்பலின் அடித்தளத்தில் ஒரு சிறு மதக்கூட்டத்துக்கே தலைவராகிறார். நடிப்பு எந்த இடத்தில் நம்பிக்கையானது என்று அவருக்கும் தெரியாது. எங்கள் மண்ணில் இரு திசையிலும் முன்னோடிகள் உண்டு. சமணத்தில் தருமசேனராக உயர்ந்த நாவுக்கரசரைச் சைவத்துக்குத் திருப்பியது தத்துவ வாதம் அன்று. தாங்க முடியாத சூலை நோயும், திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரும்தான். புதுச்சேரியில் பிறந்த பாரதிதாசன் மயிலம் முருகனைத் துதித்துப் பாடல்கள் எழுதிவிட்டு, அதன் பிறகு சுயமரியாதை இயக்கத்தின் கவிஞரானார். உடல் நோய், உடன்பிறப்பு, இயக்கம், நட்பு இவற்றால்தான் மனிதர் மாறுகிறார்கள். எழுத்தாளர்கள் இதைவிட்டு ஒரு விவாத மேடையைக் கட்டும்போது பாத்திரம் கட்டையாகிவிடுகிறது.

கேள்வி: இறப்புக்குப் பின் ஒன்றும் இல்லை என்று துணிந்து சொன்ன பகுதி எது?

ஸ்டார் டிரெக் வரிசையின் வாயேஜர் தொடரில் 1997-இல் வந்த ‘மார்ட்டல் காயில்’. கலத்தின் சமையற்காரர் நீலிக்ஸ் இறந்து, பதினெட்டு மணி நேரத்துக்குப் பிறகு மருத்துவத்தால் உயிர்பெறுகிறார். இறந்த தம் குடும்பத்தினர் ஒரு பெருங்காட்டில் காத்திருப்பார்கள் என்று இளமை முதல் நம்பியவருக்கு, அங்கே காடும் இல்லை, யாரும் இல்லை, இருட்டும் கூட இல்லை. யாருடைய ஆறுதலும் அவரை எட்டவில்லை. உயிரை விடத் துணிந்து நிற்பவரை நிறுத்துவது, இரவில் பயப்படும் ஒரு குழந்தையைத் தூங்கவைக்க அவர்தான் வர வேண்டும் என்ற சாதாரண அழைப்பு. நம்பிக்கையை இழப்பதன் வலியைக் கேலி செய்யாமலும், அதற்கு மருந்து இருப்பதாகப் பொய் சொல்லாமலும் எழுதிய பகுதி இது.

கேள்வி: மதத்தைக் கேலி செய்யும் நகைச்சுவை எல்லை மீறவில்லையா?

ரெட் ட்வார்ஃப் என்னும் பிரிட்டன் நகைச்சுவைத் தொடரின் 1988-ஆம் ஆண்டுப் பகுதியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். லிஸ்டர் என்னும் சோம்பேறி வளர்த்த பூனையின் சந்ததி, மூன்று மில்லியன் ஆண்டுகளில் அவரையே கடவுளாக்கி, கோயில் தொப்பிகள் சிவப்பா நீலமா என்று புனிதப் போர் நடத்திச் சீரழிகிறது. செய்தியைக் கேட்டு நொந்துபோன லிஸ்டர், தாம் நினைத்தது பச்சைத் தொப்பி என்கிறார். திருவந்திபுரத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்துகொண்டு, வடகலை தென்கலை நாமச் சண்டை நீதிமன்றம் ஏறிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் கூட்டத்தில் மிக உரக்கச் சிரித்தவர் நெற்றியில் நாமம் இட்டவர்.

கேள்வி: இந்தியர்களும் இந்திய மதங்களும் இவற்றில் வருகின்றனவா?

மிகக் குறைவு. நெக்ஸ்ட் ஜெனரேஷனில் 1991-இல் வந்த ஒரு பகுதியில், டேட்டா என்னும் எந்திர மனிதர் அன்றைய நாளின் நிகழ்ச்சிகளைப் பட்டியலிடும்போது இந்துக்களின் தீபத் திருவிழாவைப் போகிற போக்கில் குறிப்பிடுகிறார். கலத்தில் யார் கொண்டாடினார்கள், எண்ணெய் தேய்த்துக் குளித்தார்களா என்பதெல்லாம் காட்டப்படவில்லை. டாக்டர் ஹூ தொடரில் 2018-இல் வந்த ‘டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்’ மட்டும் முழுமையானது. 1947 பிரிவினையின்போது ஓர் இந்து ஆணுக்கும் ஒரு முஸ்லிம் பெண்ணுக்கும் நடக்கும் திருமணம் அது. கொலைகாரர்கள் என்று நாம் ஐயுறும் வேற்றுலகவாசிகள், தனிமையில் இறப்பவர்களுக்குச் சாட்சியாக நிற்க வந்தவர்கள். கொலைக்கு வழிசெய்வது மணமகனின் சொந்தத் தம்பி.

கேள்வி: தமிழில் இப்படி ஒரு தொடர் வந்திருக்கிறதா?

விண்கலம் ஏறிய தொடரைச் சொல்ல முடியவில்லை. மிக அருகில் வருவது, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய மர்மதேசம் வரிசை. குறிப்பாக விடாது கருப்பு, கருப்பசாமி தண்டிக்கிறார் என்று ஊர் நம்பும் கொலைகளுக்கு உளவியல் விடை ஒன்றைக் கொடுத்துவிட்டு, சாமியையும் முற்றிலும் அனுப்பிவிடாமல் வைத்துக்கொண்டது. இருவருக்கும் ஒரு கதவைத் திறந்துவைக்கும் அந்த உத்தி வணிகமா, நேர்மையா என்று நாங்கள் இன்னும் சண்டையிடுகிறோம். எக்ஸ் ஃபைல்ஸ் தொடரில் பறக்கும் தட்டுகளை நம்பாத மருத்துவர் ஸ்கல்லி கழுத்தில் சிலுவை அணிந்திருக்க, தட்டுகளை நம்பும் மோல்டர் மத அற்புதங்களை ஐயுறுவார். அந்த அளவுக்குக் குழப்பமான, அதனாலேயே உண்மையான இரட்டையர் தமிழ்த் தொடருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

கேள்வி: கோயிலுக்குப் போகும் பெற்றோருடன், குழந்தைகளுடன் பார்க்கலாமா?

பெற்றோருடன் தாராளமாகப் பார்க்கலாம். பிக்கார்டின் மீது அம்பு பாய்ந்ததைப் பார்த்த என் தாயார், பாவம், நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டு மறுநாள் பாடலீசுவரர் கோயிலில் அவர் பெயருக்கும் சேர்த்துத்தான் அர்ச்சனை செய்தாரோ என்று எனக்கு இன்றும் ஐயம். குழந்தைகளுக்கு ரெட் ட்வார்ஃபின் சில வசனங்கள் ஆகாது. பேபிலான் 5-இன் ‘பிலீவர்ஸ்’ பகுதியை மட்டும் கட்டாயம் தவிருங்கள். அறுவை செய்தால் ஆன்மா வெளியேறிவிடும் என்று நம்பும் பெற்றோரை மீறி மருத்துவர் ஒரு சிறுவனைக் குணப்படுத்துகிறார். ஆன்மா போன வெறும் கூடு என்று கருதி, அன்போடும் அழுகையோடும், அந்தப் பெற்றோரே அவனைக் கொன்றுவிடுகிறார்கள். பெரியவர்களே அன்றிரவு சரியாக உறங்கவில்லை.

கேள்வி: எங்கிருந்து தொடங்குவது?

பிக்கார்டும் மின்டாக்கர்களும் வரும் பகுதியை முதலில் பாருங்கள். அதற்கு முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மறுவாரம் ‘அக்செஷன்’. அதைப் பார்ப்பவர்களுக்கு, சிஸ்கோ என்பவர் விருப்பமில்லாமல் தூதராக ஏற்கப்பட்டவர் என்ற ஒரு வரி முன்குறிப்பு போதும். இரண்டையும் ஒரே மாலையில் போட வேண்டாம். நாங்கள் ஒருமுறை அப்படிச் செய்து, புதுச்சேரி நண்பர்கள் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டார்கள்.